மூன்றாவது சிலிண்டர்

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்திருக்கிறேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். உன் மருமகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. மாமாவிடம் காட்ட வேண்டும் என்று அதை ஒரு நட்டு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். அங்கே குளிர் அதிகம் என்றாயே, கம்பளிச் சட்டை வாங்கினாயா? நலம் விசாரிப்பது இத்தோடு முடிந்தது.

ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ நாலு வரி சொல்லி, கடைசியில் நானே உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஃபோனை வைப்பேன். சின்ன வயதிலிருந்தே இந்தக் கூத்துதானே நடக்கிறது. காகிதத்தில் நீ நடுவில் புகுந்து பேச முடியாது. ஆகவே உட்கார்ந்து கடைசிவரை படி.

நீ பிரித்துக் கட்டி வைத்துவிட்டுப் போன உன் மஞ்சள் காரில் இருந்த கோளாறைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அதை வைத்தது யார் என்பதையும் கண்டுபிடித்தாகிவிட்டது.

முதலிலிருந்தே எழுதுகிறேன், இல்லையென்றால் எனக்கு எதுவுமே தெரியாதே என்று கையை விரிப்பாய். நீ வேலை கிடைத்து அங்கே போன பிறகு பேட்டரி இறங்காமல் இருக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் காரை அத்தான்தான் ஒரு சுற்று ஓட்டிவருவார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் திரும்பி வந்து, வண்டி வெட்டுகிறது என்றார். நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஒன்றும் இல்லை. ரோட்டில் மூன்றாவது கியரில் அழுத்தி, டர்போ பிடித்து இழுக்கிற நேரத்தில் மட்டும், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்த மாதிரி தயங்குகிறது என்றார். மிஸ்ஸிங், ஏதோ ஒரு சிலிண்டர் வெடிக்காமல் விடுகிறது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார்.

டாக்டர் என்று பெயர் வைத்தவனே நீதான். பத்து வருஷமாக நம் ஷெட்டில் இன்ஜின் பார்க்கிற மனிதர், காதில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு பானெட்டுக்குள் குனிகிறார் என்று கிண்டலாக வைத்தாய். இன்று தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. கிண்டல் போய் மரியாதை வந்துவிட்டது. அது உன்னால் அல்ல, அவருடைய வேலையால்.

ஸ்கேனரை மாட்டினோம். எந்தச் சிலிண்டர் எத்தனை தடவை வெடிக்காமல் விட்டது என்று காரின் கம்ப்யூட்டர் எண்ணி வைக்கும் அல்லவா, நாலு சிலிண்டருக்கும் பூஜ்ஜியம் காட்டியது. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. வண்டி உதறுகிறது, கம்ப்யூட்டரோ ஒன்றுமே நடக்கவில்லை என்கிறது. டாக்டர் அதை நம்பவில்லை. அத்தானைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவரே ஓட்டினார். வெட்டிய அந்த நொடியே இன்ஜினை அணைத்து ஓரம் கட்டி, நாலு பிளக்கையும் கழற்றிக் கைக்குட்டையில் வரிசையாக வைத்துக் கொண்டுவந்தார். மூன்று பிளக் காய்ந்திருந்தது. மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் பொறி விழாமல் பெட்ரோலில் நனைந்திருந்தது. என் மூக்குக்கு நேராக நீட்டிக் காட்டினார். முதல் சிலிண்டரின் பிளக்கையும் அதற்கு மின்சாரம் கொடுக்கிற காயிலையும் மூன்றாவதுக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தார். அப்போதும் மூன்றாவதுதான் நனைந்தது. பிளக்கிலும் இல்லை, காயிலிலும் இல்லை, அங்கே போகிற ஒயரில்தான் ஏதோ இருக்கிறது என்றார். அரை நாள் கேட்டார். குறுக்கே போகிற இன்டர்கூலர் பைப்பைக் கழற்றினால்தான் ஒயரை முழுசாகப் பார்க்க முடியும் என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நீ ஃபோன் செய்தாய்.

நம் ஷெட் ஃபோனை யாரும் கையில் எடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். எல்லோர் கையிலும் கிரீஸ் இருப்பதால் அது எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். உனக்குத் தெரிந்தேதான் பேசினாய். கம்ப்யூட்டர் பூஜ்ஜியம் என்றால் பூஜ்ஜியம்தான், மிஸ்ஸிங்கே இல்லை, வண்டி தயங்குகிறது என்றால் ஏழு மாதத்துக்கு முன்னால் டாக்டர் பிளக் மாற்றியபோது இடைவெளியைக் கோணலாக வைத்திருப்பார், இல்லை இறுக்கும்போது பீங்கானில் விரிசல் விட்டிருப்பார், அதை மறைக்கத்தான் ஒயர் பைப் என்று கதை அளக்கிறார் என்றாய். நாலு வாடிக்கையாளர்கள், இரண்டு மெக்கானிக்குகள், டீ கொண்டுவந்தவர், எல்லோரும் கேட்டார்கள். கம்ப்யூட்டரில் எதையாவது மூடி வைத்திருக்கிறாயா என்று நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் இல்லக்கா, இல்லக்கா, இல்லவே இல்லக்கா என்றாய்.

அதற்குப் பிறகு நான் சொன்ன வார்த்தையை எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன், நீயும் தெரிந்துகொள். பைப்பில் கை வைத்திருந்த மனிதரைப் பார்த்து, “என் தம்பி கட்டினதுல கை வைக்காதீங்க. உங்க தப்பை மறைக்க அவன் வேலையைப் பிரிக்க வேணாம்” என்றேன்.

அவர் பைப்பிலிருந்து கையை எடுத்தார். சோப்புத்தூள் போட்டு முழங்கைவரை கழுவினார். நாலு பிளக்கையும் துடைத்துத் திரும்ப மாட்டினார், அதையும் அந்தந்த அளவுக்கு இறுக்கித்தான் மாட்டினார். ஸ்டெதஸ்கோப்பைத் தன் சக்கரம் வைத்த கருவிப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பெட்டியைப் பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் முதல் மூன்று தெரு தள்ளி ஒரு டயர் கடையில் பஞ்சர் பார்க்கிறார். இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கிற கை அது.

நீ சொன்னபடி புது பிளக் போட்டேன். ஃபீலர் கேஜை வைத்து நானே இடைவெளி பார்த்தேன். கழற்றிய பழைய பிளக்கையும் அளந்தேன். டாக்டர் ஜாப் கார்டில் எழுதியிருந்தது புள்ளி ஆறு மில்லிமீட்டர், நாலிலும் புள்ளி ஆறுதான் இருந்தது. எந்தப் பீங்கானிலும் கீறல் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தம்பி சொல்லிவிட்டான் என்கிற திமிர் எனக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் பாப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனார். முன்னால் போன லாரியைத் தாண்ட வெளியே எடுத்து அழுத்தியிருக்கிறார். வண்டி பாதியில் செத்தது. எதிரே ஒரு பேருந்து. லாரிக்காரர் நல்லவர், பிரேக் அடித்து வழி விட்டார். அத்தான் வீட்டுக்கு வந்து காரைப் பூட்டி, சாவியை என் முன்னால் வைத்துவிட்டு, இனி இதை நான் தொடமாட்டேன் என்றார். அவ்வளவுதான் சொன்னார். பாப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, மாமா கார் துள்ளித் துள்ளி ஓடியது என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் காரை டிரக்கில் ஏற்றி, பைபாஸ் ரோட்டில் காரின் கம்ப்யூட்டரைத் திருத்தித் தருகிற ஒரு ட்யூனிங் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே லேப்டாப்பில் வேலை பார்ப்பது ஒரு பெண். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “மிஸ்ஸிங்கை எண்ணுற வேலையையே நிறுத்தி வச்சிருக்காங்களே. எண்ணவே இல்லன்னா பூஜ்ஜியம்தானே காட்டும்?” என்றாள். எச்சரிக்கை விளக்கும் சேர்த்து அணைக்கப்பட்டிருந்தது. என்றைக்கு அணைத்தது என்ற தேதியும் அதிலேயே இருந்தது. நீ வேலைக்கு விண்ணப்பம் போட்டதற்கு முந்தின நாள்.

ஏன் செய்தாய் என்று இப்போது எனக்குப் புரிகிறது. இன்ஜினோடு சுற்றுகிற ஃப்ளைவீலை எடை குறைந்ததாகப் போட்டாய், அதன் அதிர்வை மிஸ்ஸிங் என்று கம்ப்யூட்டர் தப்பாக எண்ணியது. உன் திறமைக்குச் சாட்சியாக அனுப்பும் ரிப்போர்ட்டில் அந்த எண்கள் தெரியக்கூடாது என்று கம்ப்யூட்டரின் கண்ணையே கட்டிவிட்டாய். அன்றைக்கு அது பொய்க் கணக்கு என்பது உண்மைதான். ஆனால் நிஜமான மிஸ்ஸிங் வந்த நாளில் அதைப் பார்க்க ஆள் இல்லாமல் போனதே. நான் மூன்று தடவை கேட்டபோது, ஒரு தடவை ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தானும் குழந்தையும் அந்த ரோட்டில் போயிருக்கமாட்டார்கள். உன் மானத்துக்காக ஒரு நல்ல மனிதரின் தலையில் பழியைப் போட்டாய். என் வாயாலேயே போடவைத்தாய். 

அந்தப் பெண் எண்ணிக்கையைத் திறந்துவிட்டு ஒரே ஒரு ஓட்டம் ஓட்டினாள். ஃப்ளைவீலின் பொய்க் கணக்கு நாலு சிலிண்டரிலும் ஒன்றிரண்டாகச் சிதறியிருந்தது. மூன்றாவதில் மட்டும் இருநூற்றுப் பதினாலு. பிறகு பைப்பைக் கழற்றினோம். மூன்றாவது காயிலுக்குப் போகிற ஒயர் இன்டர்கூலர் பைப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. வண்டி சும்மா நிற்கும்போது ஒன்றும் ஆகாது. அழுத்தினால் இன்ஜின் ஒரு பக்கம் சாய்கிறது, பைப் நகர்கிறது, கட்டு ஒயரைப் பிடித்து இழுக்கிறது, காயிலில் செருகியிருக்கிற பின்னின் பிடி விட்டுப்போகிறது. டாக்டர் கேட்டது அரை நாள். எங்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஒயரைக் கட்டியிருந்தது பச்சை நிற ஜிப் டை. நம் ஷெட்டில் எல்லோரும் கறுப்புதான் போடுவோம், பச்சை உன்னுடையது. யார் கட்டியது என்று தெரியட்டும் என்று சொல்லித்தானே தேடிப் பிடித்து வாங்கினாய்? தெரிந்துவிட்டது. அதை வெட்டி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

நேற்று டயர் கடைக்குப் போனேன். டாக்டர் ஒரு ஸ்கூட்டர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே, அங்கே இருந்தவர்கள் காதில் விழும்படி, தப்பு என்னுடையது என்றேன். ஒயர் எங்கே விட்டிருந்தது, பின்னிலா நடுவிலா என்று மட்டும் கேட்டார். பின்னில்தான் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். ஷெட்டுக்கு வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன், பெட்டியை எடுத்துக்கொண்டு போக, என்றார். நான் கிளம்பும்போது, “நீங்க சொல்லிட்டீங்கம்மா, அது போதும். ஆனா அன்னிக்கு அந்த ஃபோன்ல பேசினது நீங்க இல்லையே” என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதம். கூரியரில் புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். சனிக்கிழமை இங்கே பத்து அடிக்கும்போது ஷெட் ஃபோனுக்குக் கூப்பிடு. என் செல்லுக்கு அல்ல, அவருடைய செல்லுக்கும் அல்ல. அன்று எந்த ஸ்பீக்கரில் சொன்னாயோ அதே ஸ்பீக்கரில் சொல். எதை அணைத்தாய், ஏன் அணைத்தாய், பச்சை டை யாருடையது, எல்லாவற்றையும். சுற்றி வளைக்காதே, பூசி மெழுகாதே, நடுவில் ஜோக் அடிக்காதே. அன்று கேட்டவர்களில் எத்தனை பேரைக் கூட்ட முடியுமோ அத்தனை பேரையும் நிற்கவைக்கிறேன். உன் முதலாளியிடம் அந்த ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்வதும் சொல்லாததும் உன் மனசாட்சி, அதில் நான் தலையிடமாட்டேன். இதில் தலையிடுவேன்.

நீ கூப்பிட்டாலும் அவர் பெட்டியோடு போய்விடலாம். போகட்டும், அது அவர் உரிமை. ஆனால் நீ பேசாமல் அந்தப் பெட்டி வாசலைத் தாண்டினால், அதற்குப் பிறகு நம் ஷெட்டில் நான் எந்த முகத்தோடு ஒருவரிடம் இது உங்கள் தப்பு என்று சொல்வேன்?

கோபத்தில் நிறைய எழுதிவிட்டேன். ஒன்றையும் அடிக்கப்போவதில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் அலையாதே, நன்றாக இரு. பாப்பாவின் பல் டப்பா ஃபோனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பெட்டி கனமானது, வாசல்வரை உருட்டிக்கொண்டுபோக அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் மணி அடித்துவிடடா.

உன் அக்கா