நாற்பது வரிசைத் தக்காளி

ஏப்ரல் 28, திங்கள்
ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்துவிட்டது. விடுமுறைக்கு அப்பா ஒரு வேலை கொடுத்திருக்கிறார்: போர் மோட்டாருக்கு வைத்த சோலார் பலகைகளைத் தினமும் கழுவுவது. பொருத்திய சகாயமேரி அக்கா, "தூசி படிஞ்சா கரண்டு கொறையுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இனி த்ரீ பேஸ் கரண்டு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். வெயில் வந்தால் தண்ணீர் வரும்! பன்னிரண்டு பலகைகளையும் போர் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். மின்னின. இன்று பாய்ந்தது: நாற்பது வரிசைத் தக்காளியும். தினமும் கணக்கு எழுதப் போகிறேன்.

மே 6, செவ்வாய்
முப்பத்தாறு வரிசைதான். வெயில் குறையவே இல்லையே?

மே 12, திங்கள்
முப்பது. கடைசி வரிசைகளில் இலை சுருண்டு பூ உதிர்கிறது. பலகைகளின் மேல், சாம்பல் பூசணியில் இருப்பது போல ஒரு வெள்ளை. தூசிதான். இனி இரண்டு வேளை கழுவுவேன்.
பக்கத்துத் தோட்டத்துத் தீர்த்தகிரி பெரியப்பா வரப்பில் நின்று அப்பாவைக் கேட்டார்: "ஏன்டா மாதேசு, உம் மோட்டாரு தண்ணி எறைக்குதா, எச்சி துப்புதா?"
அப்பா அங்கே சிரித்தார். வீட்டுக்கு வந்து சிரிக்கவில்லை. "ஏமாந்துட்டமோ கண்ணு? இந்த வாரம் பாத்துட்டு டீசல் இன்ஜினே வாடகைக்கு எடுத்தரலாம்" என்றார்.

மே 15, வியாழன்
பாப்பாரப்பட்டியில் அத்தை வீட்டுக் கல்யாணம். நானும் அம்மாவும் போயிருந்ததால் இரண்டு நாள் கழுவவில்லை. அப்பா எண்ணி வைத்திருந்தார் – இருபத்தெட்டு, இருபத்தெட்டு. தூசி என்றால் இன்னும் குறைந்திருக்க வேண்டுமே?

மே 16, வெள்ளி
குளிக்க வெந்நீர் மொள்ளும்போது அண்டாவுக்குள் பார்த்தேன். அதே வெள்ளை! போர் தண்ணீரின் உப்பு. அய்யோ, நாந்தான். நானேதான் தெனமும் பூசியிருக்கேன், கடைசில ரெண்டு வேளை வேற. நோட்டைப் புரட்டினேன். கழுவக் கழுவத்தான் குறைந்திருக்கிறது. அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?
சொல்லிவிட்டேன். அழுதுகொண்டே நோட்டை நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார்.
"அப்ப, பலகை நல்லாத்தான் இருக்குதா?" முகமெல்லாம் சிரிப்பு!

மே 17, சனி
பென்னாகரத்திலிருந்து சகாயமேரி அக்கா வந்தார். "உப்புத் தண்ணியிலயா கழுவுன? நாந்தான் வெவரமாச் சொல்லாம போயிட்டன்" என்று தலையில் கை வைத்தார். வினிகர் கலந்து துடைத்தால் உப்பு போய்விடுமாம். ஆனால் நல்ல தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் மூன்று நாளுக்கு ஒருமுறை குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர், நான்கே குடம்.
அம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. "நம்ம வூட்லயே அளந்து குடிக்கிறோம். அதுக்கு ஒகேனக்கல் தண்ணி கேக்குதா? மருமவனா அது?"
பிறகு ஒரு குடம் கொடுத்தார்.

மே 18, ஞாயிறு
முப்பத்தொன்பது! நாற்பதாவது வரிசைக்குள் தண்ணீர் நுழையும்போது மேகம் வந்துவிட்டது. அது என் தப்பில்லை. பெரியப்பா இன்று வரப்பில் நின்று பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு போனார்.

மே 20, செவ்வாய்
நாற்பது.
குழாயில் தண்ணீர் வந்தது. அம்மா நான்கு குடங்களையும் நிரப்பி வைத்திருக்கிறார். நான்காவது குடத்தின் மேல் சுண்ணாம்பால், அம்மாவின் கோணல் எழுத்தில், "சோலார்" என்று இருக்கிறது. அதில் யாரும் குடிக்கக் கூடாதாம்.