பார்த்தேன், தெரியவில்லை

செப்டம்பர் 26

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது.

ஆகஸ்ட் மாதத்து உன் எண்கள் மூன்றும் என் எண்களோடு அச்சு அசலாக ஒத்துப்போனதைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். பத்தொன்பது வருஷமாக நாம் ஒரே நட்சத்திரத்தின் ஏறி இறங்கும் வெளிச்சத்தைத்தான் அளக்கிறோம். நம் சிவப்பியை நீ எப்போதும் என்னைவிட மூன்று புள்ளி வெளிச்சமாகப் பார்ப்பாய். நான் 5.0 என்றால் நீ 4.7 என்பாய். எண் கூடினால் மங்கல் என்பதையே தலைகீழாகப் புரிந்துகொண்டாயோ என்று முதல் வருஷம் உன்னைத் திட்டியிருக்கிறேன். சிவப்பு சிலர் கண்ணுக்குத் தூக்கலாகத் தெரியும் என்று, நம் எண்களை வாங்கிக்கொள்ளும் நட்சத்திரக் குழுச் செயலாளர் சொன்ன பிறகுதான் உன்னை விட்டேன். இப்போது திடீரென்று என் கட்சிக்கு வந்துவிட்டாய்!

இன்னொன்று. இருபத்தாறாம் தேதி இருவரும் தபாலில் போட வேண்டும், ஒருவர் எண்ணை மற்றவர் பார்ப்பதற்குள் இரண்டு கடிதமும் கிளம்பிவிட வேண்டும். இதுதானே ஒப்பந்தம்? போனில் பேசினால் எண் வாய் தவறி வந்துவிடும் என்றுதான் இந்த வயதிலும் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் நீ ஐந்து நாள் தாமதம். பஸ் டிரைவருக்கே டைம் தெரியாவிட்டால் பயணிகள் என்ன செய்வார்கள்?

ஐந்து, பதினைந்து, இருபத்தைந்து தேதிகளில் என் அளவு: 6.1, 6.5, 6.8. இனி அவளுக்கு இறங்குமுகம். வருகிற மாதங்களில் பைனாகுலரில் நேராகப் பார்த்தால் மறைந்துகொள்வாள். சற்றுத் தள்ளிப் பார்த்துக் கடைக்கண்ணில்தான் பிடிக்க வேண்டும். அகப்படாவிட்டால் வெட்கப்படாமல் "பார்த்தேன், தெரியவில்லை" என்று எழுது. அதுவும் ஓர் அளவுதான். இருபத்தெட்டு வருஷமாக ஆஸ்பத்திரி லேப்பில் ரத்த அணு எண்ணுகிறவள் சொல்கிறேன்.

வீட்டு ஓனர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு பெரிய விளக்குப் போட்டுவிட்டார். கேட்டால், "திருடன் வந்தா தெரிய வேணாமா?" என்கிறார். ஒரு பழைய வாளியை அதன் மேல் கவிழ்த்திருக்கிறேன். அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

உன் அக்கா

அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ரூட்டை மாற்றிவிட்டார்கள். காலை ஐந்தரைக்கு முதல் டிரிப் எடுத்தால் வீடு வரும்போது உடம்பு பிழிந்த துணியாக இருக்கிறது. கடிதத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நாலு நாள் சுற்றினேன்.

என் எண்களும் 6.1, 6.5, 6.8தான். வயதானால் அக்கா சொல்வதெல்லாம் சரி என்று தோன்றும்போலிருக்கிறது. சந்தோஷப்படு.

டிப்போவில் வருஷாந்திரக் கண் பரிசோதனை வைத்தார்கள். எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்தேன். டாக்டர் கைகொடுத்தார். ஆனால் நேரம் சரியில்லை. இந்த மாதம் இரண்டு தடவை பக்கக் கண்ணாடியைத் தூணில் உரசிவிட்டேன். தூண் நீட்டிக்கொண்டு நின்றால் நான் என்ன செய்ய? வீட்டிலும் இதே கதை. பக்கத்தில் வைத்த டீயைத் தட்டிவிட்டு இவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். "உங்க ஞாபகம் எல்லாம் வானத்துலதான்" என்கிறாள்.

மகள் கடைசி வருஷப் படிப்பில் மூழ்கியிருக்கிறாள். அத்தையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

வாளி விஷயம் கேட்டு இவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அன்புடன்,
தம்பி

அக்டோபர் 26

அன்புத் தம்பிக்கு,

மறுபடியும் ஒத்துப்போய்விட்டோம்! செயலாளர்கூட, "ஒரே வீட்ல இருந்து பாக்குறீங்களா?" என்று கேட்டார்.

இந்த மாதம் என் அளவு: 7.0, 7.3, 6.7. கடைசி எண்ணைப் பார்த்தாயா? இறங்கிக்கொண்டிருந்தவள் இருபத்தைந்தாம் தேதி திடீரென்று ஏறியிருக்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ என்ன பார்த்தாய் என்று ஒளிக்காமல் எழுது.

வாளியை வீட்டு ஓனர் கண்டுபிடித்துவிட்டார். "காத்துல பறந்து வந்திருக்கும்" என்றேன். கயிறு போட்டுக் கட்டிய வாளி எப்படிப் பறக்கும் என்று கேட்டார். அந்த மனிதருக்கு அவ்வளவு புத்தி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். டீயைக் கொட்டாதே.

உன் அக்கா

நவம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

ரொம்பவே தாமதம், தெரியும். திட்டாதே.

எனக்கும் 7.0, 7.3, 6.7தான். ஆமாம், இருபத்தைந்தாம் தேதி பளிச்சென்றுதான் இருந்தாள். வானமும் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

போன வாரம் ஒரு சின்ன விஷயம் நடந்தது. பஸ் நிறுத்தத்தைவிட்டு எடுக்கும்போது ஓரத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பெண் சாலையில் இறங்கியிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. கண்டக்டர், "அண்ணே, பிரேக்கு!" என்று கத்தினான். ஒன்றும் ஆகவில்லை, பை மட்டும் கீழே விழுந்தது. குழந்தைகள் போனைப் பார்த்துக்கொண்டே நடக்கின்றன, நாம் என்ன செய்வது?

மற்றபடி எல்லாரும் நலம்.

அன்புடன்,
தம்பி

நவம்பர் 20

தம்பிக்கு,

போனில் பேசினால் சிரித்து மழுப்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். கடைசி வரை படி.

அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி சிவப்பி 6.7 இல்லை. 7.5. என் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. உனக்கு எழுதியது பொய் எண். என் கையால் ஒரு பொய் எண்ணை எழுதியது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். நீ வேறு எண் எழுதிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் தபால்காரரை எதிர்பார்த்துக் கிடந்தேன். நீ அதே 6.7ஐ எழுதி, பளிச்சென்று இருந்தாள் என்று வேறு சேர்த்திருந்தாய்.

மூன்று மாதமாக என் கடிதம் வந்த பிறகு என் எண்களைப் பார்த்து எழுதுகிறாய். சோம்பல் என்று நினைத்துத்தான் முதலில் கோபப்பட்டேன். தூணும் டீயும் அந்தப் பெண்ணும் சேர்ந்த பிறகு கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. எல்லாமே ஓரத்தில் நடந்தவை. கடைக்கண்ணில் பிடிக்க வேண்டிய நட்சத்திரமும் உனக்கு அகப்படவில்லை. டேய், அப்பாவுக்கும் ஐம்பது தாண்டித்தான் கண்ணில் பிரஷர் வந்தது. கடைசிவரை பேப்பர் படித்தார், ஆனால் கதவு நிலையில் இடித்துக்கொண்டே இருந்தார். மறந்துவிட்டாயா? எழுத்துப் பலகை நேரே பார்ப்பதைத்தான் சோதிக்கும். ஓரம் அதற்குத் தெரியாது.

நட்சத்திரம் போனால் போகட்டும். உன் வண்டியில் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடாதே. கண் டாக்டரிடம் போ. டிப்போவில் நீயே சொல். உன்னிடமிருந்து தகவல் இல்லையென்றால் இருபத்தேழாம் தேதி காலை நான் உங்கள் டிப்போவுக்கு வந்து மேனேஜரிடம் சொல்வேன். முப்பது வருஷ டிரைவரை அக்காவே காட்டிக்கொடுத்தாள் என்று நாலு பேர் பேசட்டும்.



அக்கா

நவம்பர் 26

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நானும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உன் வீட்டில் அவளிடம் கேட்கலாம் என்றால், நீ சொல்லியிருக்கிறாயோ இல்லையோ என்று தயக்கம்.

நாளை காலை ஏழு மணி வண்டியில் ஏறுகிறேன். லேப்பில் லீவு சொல்லிவிட்டேன். இனி உன் வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று நீ சொன்னால் தாங்க எனக்குத் தெம்பில்லை. ஆனாலும் வருகிறேன். சாலையில் விழுந்த அந்தப் பை என் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

தேதி இருபத்தாறு ஆகிவிட்டதால் எண்களை எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. 7.8, 8.0, 8.2. மூன்றும் நிஜம்.

உன் அக்கா

நவம்பர் 26

அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது நீ இங்கே டிப்போவில் நின்றுகொண்டிருப்பாய். சொன்னால் செய்கிறவள் நீ. இருந்தாலும் இன்று இருபத்தாறாம் தேதி. எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

கோபம் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை. "உனக்கு என்னடா ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பொய் எண் போட்டுப் பிடித்துவிட்டாய். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றால், சொல்லியிருக்க மாட்டேன். அதனால் கோபம் இன்னும் கூடுகிறது.

சிவப்பியை அளக்க அவளையும் பக்கத்து நட்சத்திரத்தையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் இல்லையா? ஆகஸ்டிலிருந்து ஒன்றைப் பார்த்தால் மற்றது காணாமல் போகிறது. முதலில் மேகம் என்று நினைத்தேன். பிறகு பைனாகுலரில் பூஞ்சணம் என்று நினைத்து மூன்று தடவை துடைத்தேன். அதற்குப் பிறகு நினைக்கவே பயந்து உன் எண்களை எழுதினேன். அந்த 6.7 எனக்கே உறுத்தியது. அதை எழுதத்தான் அத்தனை நாள் ஆயிற்று.

உன் கடிதம் வந்த அன்றே லீவு போட்டேன். கண் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளி, அதையே பார்க்க வேண்டும். சுற்றிலும் குட்டிக் குட்டியாய் வெளிச்சம் வரும், தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். பத்தொன்பது வருஷமாக இதைத்தானே செய்கிறோம் என்று எனக்குச் சிரிப்பே வந்தது. நடுவில் நாலைந்து வந்தது, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. இடைவேளை விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் காத்திருந்தேன். ரொம்ப நேரமாகிவிட்டதே என்று, "மீதி எப்பம்மா போடுவீங்க?" என்று கேட்டேன். அந்த நர்சம்மா விளக்கைப் போட்டாள். "முடிஞ்சிடுச்சு சார்" என்றாள்.

போனது போனதுதானாம். மிச்சத்தைச் சொட்டு மருந்து காப்பாற்றுமாம். இவள் இரண்டு நாள் அழுதாள். பிறகு, "உங்க அக்கா கண்ணு மட்டும் எப்படி இத்தனை தூரம் பாக்குது?" என்றாள்.

நேற்று மேனேஜரிடம் நானே சொன்னேன். அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். சாவியை மேஜையில் வைத்தேன். டைம் கீப்பர் அறையில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். நாளை நீ வருகிற வண்டி உள்ளே நுழையும் நேரத்தை எழுதப்போகிறவன் நான்தான். இதை நீ படிப்பதற்குள் வந்துபோயிருப்பாய், இருந்தாலும் எழுதுகிறேன்: இறங்கி நேராக அங்கே வா. ஓரத்தில் நின்றால் எனக்குத் தெரியாது, ஜன்னலுக்கு எதிரே வந்து நில்.

ஆகஸ்டிலிருந்து என் எண்களை அடித்துவிடும்படி செயலாளருக்கு எழுதிவிட்டேன். இந்த மாதத்துக்கு:

5: பார்க்கவில்லை.
15: பார்க்கவில்லை.
25: மொட்டைமாடிக்குப் போனேன். வானம் சுத்தம். அரைமணி நேரம் பார்த்தேன், தெரியவில்லை.

இன்றைய தபாலிலேயே போடுகிறேன். முத்திரையைச் சரிபார்த்துக்கொள்.

தம்பி