பறக்காமல் ஓடும் ஈ

மார்ச் 4
சமையலறைச் சுவரில் மறுபடியும் ஈக்கூட்டம். ஒவ்வொன்றும் எள் அளவுதான், கையை வீசினால் நாலாபக்கமும் சிதறுகிறது. மாமியார் என் வீட்டுக்காரரிடம் சொன்னது, என் காதில் விழ வேண்டுமென்றே சொன்னது: “வீட்டை வீடா வச்சிருந்தா ஈ ஏன்டா வரப்போகுது? நான் உன் தங்கச்சி வீட்டுக்கே போயிடறேன்.” வீட்டுக்காரர் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துடைச்சுக்கிட்டேதானே இருக்கேன், இதுக்கு மேல நான் என்னதான் பண்ண?

மார்ச் 6
பழ ஈயாம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பழங்களை அப்புறப்படுத்தி, பழ ஈயை இழுக்குமென்று கிண்ணத்தில் வினிகர் வைத்தேன். ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

மார்ச் 7
கைப்பேசியில் மாட்டும் பூதக்கண்ணாடி வாங்கினேன். படம் எடுக்க நின்றால்தானே, சனியன்! துரத்தினால் பறப்பதில்லை — விறுவிறுவென்று ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. இறக்கையை வைத்துக்கொண்டு ஏன் ஓட வேண்டும்?

மார்ச் 8
ஒன்றை டம்ளரில் பிடித்து, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தேன். குளிரில் மந்தமாகிவிடுமாம். பால் எடுக்க வந்த மாமியார் அலறினார்: “ஐயையோ, ஈ வளக்கறாடா!” வீட்டுக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் படம்! என்ன தெளிவு! முதுகு கூன் போட்டிருக்கிறது. கண் பழ ஈயுடையதைப் போலச் சிவப்பில்லை, கறுப்பு. இறக்கையின் முன்விளிம்பில் மட்டும் தடித்த நரம்புகள், மற்றதெல்லாம் மயிரிழை. இணையத்தில் பூச்சிப் படம் போடும் குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 9
பதில் வந்துவிட்டது! குழுவில் எல்லாரும் ‘தும்பி அக்கா’ என்று கூப்பிடும் பெண்மணி எழுதியிருக்கிறார்: “இது பழ ஈ இல்லம்மா, கூன்முதுகு ஈ. ஈரத்துல அழுகுறதுலதான் முட்டை போடும். சுத்தமான வீட்டுல கூட்டமா வருதுன்னா, தரைக்கு அடியில கழிவுநீர்க் குழாய் உடைஞ்சிருக்கலாம். எங்கேருந்து கிளம்புதுன்னு பாருங்க.”
தரைக்கு அடியிலா! சமையலறையில் விரிசல் கண்ட இடமெல்லாம் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்; கீழேயிருந்து கிளம்பினால் பசையில் மாட்டிக்கொள்ளும்.

மார்ச் 10
பாத்திரத் தொட்டிக்குக் கீழே ஒட்டிய டேப்பில் மட்டும் அடிப்பக்கம் ஈக்கள் அப்பிக்கிடக்கின்றன! மாமியாரின் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன் — அவர் கையை இதுவரை நான் பிடித்ததே இல்லை. குனிந்து பார்த்தார். “கீழேருந்தா வருது?” அவ்வளவுதான் கேட்டார்.

மார்ச் 12
“ஒரு ஈக்காகத் தரையை உடைக்கச் சொல்றீங்களா?” என்று இழுத்தார் குழாய்க்காரர். படத்தை நீட்டினேன். நம்பவில்லை. அப்போது என் வீட்டுக்காரர், ஆமாம், அவரேதான்: “அவ சொன்னா இருக்கும். உடைங்க.”
முதல் டைல்ஸ் பெயர்ந்ததும் நாற்றத்தில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். குழாய் மூட்டு விட்டுப்போய், மண் கரைந்து, அடுப்பு மேடை வரை உள்ளே வெறும் பள்ளம். குழாய்க்காரர் கம்பியை விட்டுப் பார்த்தார், போய்க்கொண்டே இருந்தது. “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா, இங்க நிக்கிறவங்க உள்ள போயிருப்பாங்க.”
அங்கே தினமும் நிற்பது மாமியார். அவர் முகம் வெளுத்துவிட்டது. நினைத்தால் எனக்கும் பகீரென்கிறது. ஆனாலும் — கண்டுபிடிச்சிட்டேன்! நான் கண்டுபிடிச்சிட்டேன்!

மார்ச் 20
புது டைல்ஸ் பதிக்கிறார்கள். வேலைக்குக் கிளம்பும்போது, மாமியார் மகளோடு போனில் பேசுவது கேட்டது.
“நான் எங்கடி அங்க வர்றது? அவளும் ஆபீஸ் போயிட்டா இந்த ஆளுங்களை யாரு பாத்துப்பா? ... ஆமா, அவதான் கண்டுபிடிச்சா. ஈ மூஞ்சியப் பாத்தே சொல்லிட்டா. ... உனக்கு அதெல்லாம் வராது, போனை வை.”