மாடா, டிராக்டரா, நானா

ஐப்பசி 3, ஞாயிறு

மேகம் கூடிக் கலைகிறது. மழை இல்லை.

என் வீட்டுக்காரர் இவருக்கு ஒரு வாரமாக ஒரே கணக்கு. ஜோடி மாட்டை வைத்துக்கொள்வதா, விற்றுவிட்டு வாடகை டிராக்டரா.

மாட்டுக்கு: வைக்கோல், பருத்திக்கொட்டை, லாடம்.
டிராக்டருக்கு: மணிக்கணக்கில் வாடகை. உழாத நாளில் தீனி கேட்காது.

என் இடுப்புவலி அந்தக் கணக்கில் இரண்டு பக்கத்திலும் இல்லை. விடியுமுன் சாணி, நாளெல்லாம் தண்ணீர், தீவனம். இதெல்லாம் சும்மா நடக்கிறதாம்! "வித்துருங்க" என்று சொல்லிவிட்டேன்.

சிவகாசியில் மகளுக்கு இரண்டாவது பிரசவம், கார்த்திகை பிறந்ததும். மாமியார் வீட்டில்தான். அந்தம்மாவுக்கு முட்டுவலி. மகள் ஃபோனில், "வந்தா ஒரு ராத்திரி தங்க மாட்டே. மாடு மாடுன்னு ஓடிருவே."

உண்மை.

ஐப்பசி 5, செவ்வாய்

விடிய விடிய மழை. கரிசல் நிறைய ஈரம்.

பக்கத்துப் புஞ்சைக்காட்டு இருளப்பனுக்கு ஃபோன். ஊரில் டிராக்டர் அவரிடம்தான். "பன்னெண்டு பேரு முன்னால நிக்காக. முடிச்சிட்டு வாரேன் மதினி."

அதுவரை ஈரம் காத்திருக்குமா? மழை எல்லாருக்கும் ஒரே நாளில், டிராக்டர் ஒன்று. இவர் என்னைப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன். எரிச்சல்.

ஐப்பசி 6, புதன்

எங்கள் மாடுகள் மயிலையும் செவலையும் காட்டில் இறங்கின. பொழுது சாயுமுன் இரண்டு ஏக்கரும் மக்காச்சோளம் விதைத்தாயிற்று. இருளப்பன் இன்னும் நாலாவது காட்டில்.

சந்தோஷம் என்று எழுதக் கூச்சம். சந்தோஷம்தான். சிவகாசி மட்டும் உறுத்துகிறது.

ஐப்பசி 27, புதன்

சுள்ளென்று வெயில். இருளப்பன் வந்தார். அவர் பருத்தியில் செடியை விடக் களை உயரம். களையெடுக்க ஆளில்லை. டிராக்டரை இறக்கினால் டயர் செடியை மிதிக்கும். வரிசைக்கு ஊடே உழ மாடுதான் வேண்டுமாம்.

"வாடகை என்னன்னு சொல்லுங்க மதினி."

இவர் வாய் திறக்குமுன் நான்: "வாடகை வேணாம். பத்து நாளு உங்க தொழுவத்துல கட்டிக்கோங்க. தீனி, தண்ணி, சாணி எல்லாம் உங்க பாடு."

"சரி" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

இவருக்குத் திகைப்பு. "விக்கச் சொன்னவ நீதானே?"

"ஆமா. இப்ப சொல்லல."

ஐப்பசி 29, வெள்ளி

நேற்றே மாடு இருளப்பன் தொழுவத்துக்குப் போயிற்று. காலையில் ஃபோனில் பதறுகிறார். "ரெண்டும் நின்ன இடத்துலயே நிக்குதுக மதினி!" செவலையை இடப்பக்கம் பூட்டியிருக்கிறார். அது என்றைக்கும் வலப்பக்க மாடு. ஸ்டியரிங் பிடித்த கைக்கு எப்படித் தெரியும்? மாற்றிப் பூட்டச் சொன்னேன். நடந்துவிட்டனவாம்.

சிவகாசிக்குப் பையைத் தூக்கினேன். இவர், "எனக்குச் சோறு?"

"அரிசி இருக்கு. அடுப்பும் இருக்கு."

மதியம் சிவகாசி. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள்.

"எத்தனை மணி பஸ்ஸுக்கும்மா திரும்பணும்?"

"பத்து நாளைக்குப் பஸ்ஸு கிடையாது."

தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். நானும்தான்.