நூற்று நாற்பதாவது மீட்டர்

12 ஜனவரி 2024, கள்ளக்குறிச்சி

வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்துவிட்டது. மார்ச் 14. ஏழு வருடம்! முப்பத்தெட்டு வயதில் முனைவர் ஆகப்போகிறேன். இனியாவது கௌரவ விரிவுரையாளர் என்ற ஒட்டுப்பெயர் போகட்டும்.

ஆய்வேட்டை மறுபடி புரட்டினேன். இந்தியா அண்டார்டிக்காவை விட்டுப் பிரிந்தபோது நிலம் கிழிந்து, விருத்தாசலத்துக்குக் கிழக்கே பெரும்பள்ளமானது. கல்வராயன் போன்ற மலைகள் தேய்ந்து அதில் மணலாய்ப் படிந்தன. அந்தக் கிழிசல் வழியே பிற்பாடு ஓர் எரிமலை வெடித்தது என்பது என் வாதம். சான்று ஒன்றுதான்: அந்தப் பள்ளத்தில் ஒரு விவசாயியின் ஆழ்துளையில், 140வது மீட்டரில் கிடைத்த எரிமலைச் சாம்பல் களிமண். துகள்கள் பருமன். தொலைவிலிருந்து காற்றில் வந்திருக்க முடியாது. அதனால் எரிமலை பக்கத்தில்தான் இருந்தது.

27 ஜனவரி

ரிஷிவந்தியத்தில் உறவுக்காரக் கண்ணகி அக்கா நிலத்தில் போர் போட்டார்கள். துளை போடும் வண்டி மஜீத் பாயுடையது. என் ஆய்வேட்டின் ஆழ்துளையைப் போட்டவரும் அவர்தான். "அங்க பட்ட பாட்டுக்கு இங்க சுலபம் இல்ல பாய்?" என்றேன், பேச்சுக்கு.

"இங்க பாறை மேடம், காத்தடிச்சா போதும். அங்க மணலு. குழி சரிஞ்சிக்கினே இருந்துச்சு, பவுடர் கரைச்சு ஊத்திதான் சரியாம நிறுத்துனோம்."

"இன்னா பவுடர்? தண்ணி மட்டும்னு சொன்னீங்க?"

"நூத்திநாப்பதுல ஒருநாள் மட்டும். அப்புறம் பைப்பு எறக்கிட்டோம். அன்னிக்கு நீங்க இல்ல, அம்மாவுக்கு முடியலன்னு வூட்டுக்குப் போய்ட்டீங்க. வந்த மண்ண ஆளுங்கதான் பையில அள்ளி வெச்சாங்க."

நூற்று நாற்பது. என் சான்று கிடைத்த அதே மீட்டர்.

29 ஜனவரி

பாய் கொட்டகையில் அரை மூட்டை மிச்சம் இருந்தது. பென்டோனைட். மூட்டையில் குஜராத் முகவரி. அதுவும் எரிமலைச் சாம்பல் மக்கிய களிமண்தானே! கல்லூரி நுண்ணோக்கியில் வைத்தேன். அதே துகள். அதே.

காற்றில் வரவில்லை. லாரியில் வந்திருக்கிறது.

மடச்சி. பாறையில் போர் போடுவதையே பார்த்து வளர்ந்தவள் — மணலில் குழி நிற்காது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அன்று மட்டும் அங்கே இருந்திருந்தால்?

5 பிப்ரவரி

நெறியாளர் சுப்புராயன் சாரிடம் சொன்னேன்.

"வேற யாருக்கு தெரியும் மணிமொழி?"

"யாருக்கும் தெரியாது சார். பவுடரால இன்னா ஆச்சுன்னு பாய்க்கே தெரியாது."

"அப்ப வுட்ரும்மா. அங்க யாரு திரும்ப துளை போடப் போறாங்க?"

திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். திட்டியிருக்கலாம்.

13 மார்ச்

சொல்லிடலாமா? சொன்னா இன்னா ஆவும்? மறுபடி முதல்லேர்ந்து — நாப்பத்தஞ்சு வயசுல? முடியாது. என்னால முடியாது.

14 மார்ச்

"துளையிட என்ன பயன்படுத்தினார்கள்?" என்று தேர்வாளர் கேட்டார். வெறும் தண்ணீர் என்றேன். கை தட்டினார்கள்.

9 அக்டோபர் 2025

வேலை நிரந்தரமாகி எட்டு மாதம்.

மதியம் ஒரு பெண் போன் செய்தாள். ஷாலினி, பாண்டிச்சேரியில் ஆய்வு மாணவியாம். ஆய்வேட்டிலிருந்து நான் வெளியிட்ட கட்டுரையை நம்பி மூன்று இடங்களில் துளை போட்டிருக்கிறாள்.

"சாம்பல் அடுக்கு எதுலயும் வரல மேடம். நான்தான் எங்கயோ தப்பு பண்றேன் போல. மார்ச்சோட ஸ்காலர்ஷிப் முடியுது, அதான் உங்ககிட்ட கேக்கலாம்னு..."

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. நான் எழுந்து நின்றுகொண்டே பேசினேன்.

"இன்னும் இருபது மீட்டர் கீழ போய்ப் பாரும்மா" என்றேன்.

"ரொம்ப நன்றிங்க மேடம்" என்றாள்.