சென்னிமலையின் செருப்பு

மோகனூர்
4-8-1981

அன்புள்ள தங்கச்சி வசந்தாமணிக்கு அக்கா எழுதுவது.

உன் மாமா லாரியில் நாக்பூர் லோடு ஏற்றிப் போயிருக்கிறார். எனக்கு வியாழக்கிழமை நாமக்கல்லில் வயிற்று ஆபரேஷன். பயமில்லை. என் பிள்ளை சென்னிமலை உன்னிடம் இருக்கிறான் என்பதே எனக்குப் பாதி வைத்தியம்.

அவனைக் கூட்டிப் போக வந்த அன்று உன் வீட்டு மாப்பிள்ளை பஸ்ஸுக்கு அவசரப்படுத்தியதில் பாதி சொல்லாமல் விட்டுவிட்டேன். பதினாறு வயதுக்கு ஆள் வளர்ந்துவிட்டானே தவிர, பேச்சு வராத பிள்ளை. மணிக்கட்டைக் கடித்துக்கொண்டால் அதட்டாதே. தண்ணீர் வேண்டும் என்று அப்படித்தான் கேட்கிறான். சொம்பைக் காட்டினால் விட்டுவிடுவான். வெளியே கிளம்புவதென்றால் முதலில் செருப்பை அவன் கையில் கொடு. கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அவனே போட்டுக்கொள்வான். சொல்லாமல் இழுத்தால்தான் சுவரில் தலையை மோதுவான். ஊரே பேய் பிடித்திருக்கிறது என்றது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது இதெல்லாம்.

இன்னொன்று. விரித்த கறுப்புக் குடையைப் பார்த்தால் அவனுக்கு உயிரே போய்விடும். ஏனென்று எனக்கும் தெரியாது. மாப்பிள்ளையின் குடையைப் பீரோவில் வைத்துவிடு. இந்த விஷயத்தை உன்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்தால் தெருப் பிள்ளைகள் வேடிக்கைக்கு விரித்துக் காட்டுவார்கள்.

உன் அக்கா
கண்ணாத்தாள்

ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
26-8-1981

அன்பான அக்காவுக்கு வசந்தாமணி எழுதிக்கொண்டது.

நீங்கள் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்த செய்தி கேட்டுத்தான் எனக்குச் சோறு இறங்கியது. கனமாக எதையும் தூக்காதீர்கள்.

சென்னிமலை முதல் வாரம் படுத்தி எடுத்துவிட்டான், மறைக்க மாட்டேன். இப்போது தங்கம். கடிப்பதும் இல்லை, மோதுவதும் இல்லை. பின்னறையில் உட்கார வைத்தால் வைத்த இடத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை நம் மகள் சாரதாமணியைப் பெண் பார்க்க ஈரோட்டிலிருந்து வந்தார்கள். வீட்டில் இன்னொருவன் இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. "உங்கக்காளுக்குப் பையன வளக்கத் தெரீல, நீ வளத்திப்போட்டே" என்று இவர் சிரிக்கிறார். விளையாட்டுக்குத்தான், கோபிக்காதீர்கள்.

புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். தினமும் சாயங்காலம் இவர்தான் நடக்கக் கூட்டிப் போகிறார்.

உங்கள் தங்கை
வசந்தாமணி

மோகனூர்
31-8-1981

அன்புள்ள வசந்தாமணிக்கு,

சாரதாமணிக்கு இந்த இடமே அமையட்டும். மாப்பிள்ளை சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருந்தால் பிள்ளைக்கு நல்லதுதானே. ஒன்று மட்டும் கேட்கிறேன். கடிப்பதே இல்லை என்றால் தண்ணீர் எப்படிக் கேட்கிறான்? புது வழி ஏதாவது பழகியிருந்தால் எழுது, நானும் பழகிக்கொள்கிறேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்து ஒரு கண் பார்த்துவிட்டு வரலாமா என்று இருக்கிறது.

அக்கா
கண்ணாத்தாள்

ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
7-9-1981

அன்பான அக்காவுக்கு,

தையல் ஆறுவதற்குள் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வர வேண்டாம். ஈரோட்டுக்காரர்கள் உறுதி செய்ய மறுபடியும் வருகிறார்கள். அது முடிந்ததும் நானே கொண்டுவந்து விடுகிறேன். தண்ணீர் அவன் கேட்பதில்லை. கொடுத்தால் குடிக்கிறான். என்னை நம்ப மாட்டீர்களா?

வசந்தாமணி

மோகனூர்
19-9-1981

வசந்தாமணிக்கு,

நேற்று நான் சொல்லாமல் வந்துவிட்டதாக வாசலிலேயே கோபித்துக்கொண்டாய். சொல்லிவிட்டு வந்திருந்தால் நீ குடையை மடக்கி வைத்திருப்பாய்.

பின்னறைக் கதவு திறந்துதான் கிடந்தது. நிலைப்படியில் மாப்பிள்ளையின் குடை விரித்து வைத்திருந்தது. அந்தக் கடைசிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு என் பிள்ளை. உதடெல்லாம் வெடித்திருந்தது.

"அடிச்சனா, கட்டி வெச்சனா? எம் புள்ளைக்கும் ஒரு வழி பண்ணோணுமல்லக்கா?" என்று கேட்டாய். அடித்திருந்தால் காயம் ஆறியிருக்கும். கட்டி வைத்திருந்தால் சண்டை போட்டு அவிழ்த்திருப்பேன். காப்பாற்று என்று உன் ஒருத்தியிடம் சொன்னதை எடுத்து அவனுக்கே பூட்டாகப் போட்டுவிட்டாய். கூடப் பிறந்தவள் செய்கிற துரோகமா இது? உன் சங்கடம் எனக்குப் புரியாமலில்லை. ஒரு வரி எழுதியிருந்தால் தையலோடு வந்து கூட்டிப் போயிருப்பேன்.

நான் குடையை மடக்கி வெளியே வீசியதும் அவன் எழுந்தான். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, நீங்கள் வாங்கிக் கொடுத்த செருப்பை எடுத்துவந்து என் கையில் வைத்தான். அடியில் துளி மண் ஒட்டவில்லை. விலைச் சீட்டுக்கூடக் கிழியாமல் இருந்தது. வெளியே போகலாம் என்று அவனாக என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் கடிக்கவில்லை. சொம்பைப் பார்க்கிறான், என் முகத்தைப் பார்க்கிறான், கேட்காமலே இருந்துவிடுகிறான். ஒரு தடவை கடித்துக்கொள்ள மாட்டானா என்று பெற்றவள் ஏங்கிக் கிடக்கிறேன்.

சாரதாமணி நன்றாக இருக்கட்டும், அவள் மேல் எனக்கு ஒன்றுமில்லை. பத்திரிகை வைக்க வருவீர்கள். வாருங்கள். கதவு திறந்திருக்கும், மோர் மூடி வைத்திருப்பேன். தெருமுனையில் உன் தலை தெரிந்ததும், அவன் கையில் செருப்பைக் கொடுத்து ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

கண்ணாத்தாள்