வளைகாப்புக்குப் போன இருமல்

ஜூன் 13, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். ஈப்போவில் மழை பெய்து ஒரு வாரம். தொண்டையில் முள் குத்துகிற மாதிரி. மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு இது புதிதில்லை.

செய்ய வேண்டியவை: கண்ணாடி வளையல் இரண்டு டஜன். சேகர் சட்டை இஸ்திரி. ஞாயிறு லீவு, மறுபடி ஞாபகப்படுத்த.

ஞாயிறு கவிதாவுக்கு வளைகாப்பு. என் வீட்டுக்காரர் சேகரின் தம்பி முரளியின் மனைவி. ஏழாம் மாதம். செமோர் பக்கம், அத்தை வீட்டருகே தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். தோட்டம் என்பது பேருக்குத்தான். ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது, அதுவும் போய் இப்போது வரிசை வீடுகள்.

அத்தை போன் செய்தார். "வராம இருந்துடாத சாந்தி. வராட்டி நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க." வைக்கப் போனவர் மறுபடி ஆரம்பித்தார். "ஆனா முன்னாடி போயி நிக்காத. பிள்ளை பெத்தவங்க பூசட்டும். நீ கடைசியில பூசு."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இந்த வீட்டில் என் இடம் எப்போதும் வரிசையின் கடைசி. போகாவிட்டால் பொறாமை, போனால் கண். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது.

ஜூன் 14, சனி

காய்ச்சல், 38.4. எலும்பெல்லாம் வலி. கடையில் ஆள் இல்லை, வேலைக்குப் போனேன்.

மதியம் ஓர் அம்மா இருமிக்கொண்டே வந்தார். மகள் மாசமாக இருக்கிறாளாம். "மகள் பக்கம் போகாதீங்கம்மா, சளி நிக்கிற வரைக்கும் மாஸ்க் போடுங்க" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். நன்றாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண் கூடத் தலையாட்டினாள்.

மூக்கில் குச்சி விட்டுப் பார்க்கிற டெஸ்ட் கிட் என் முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறது. ஒரே குச்சியில் கோவிட், ஃப்ளூ இரண்டும் தெரியும். எடுக்கவில்லை. பார்த்துவிட்டால் போகக் கூடாது. பார்க்காத வரைக்கும் வெறும் சளி.

சேகர்: "போகாட்டி என்ன லா. நான் அம்மாகிட்ட சொல்லிக்கிறேன்." சொல்லட்டும். அத்தை வாய்க்கு நல்ல அவல்.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல நேரம் 11.30. காலை 7க்குக் காய்ச்சல் மாத்திரை இரண்டு. புறப்படும்போது இருமல் மருந்து, கடையில் இருப்பதிலேயே பலமானது. எத்தனை மணி நேரம் இருமலை அடக்கும் என்று தெரியும், தினமும் விற்கிறேன்.

மாஸ்க் போட்டுத்தான் போனேன். மண்டப வாசலில் அத்தை: "என்னாது இது, ஆஸ்பத்திரிக்கா வந்திருக்க? போட்டோ எடுப்பாங்க, கழட்டு." கழட்டினேன். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். அத்தை சொன்னபடி நான் கடைசியில். கவிதா மணையில் உட்கார்ந்தபடி தேடினாள். "சாந்தி அக்கா முதல்ல பூசட்டும்." அத்தை முகம் போன போக்கு! கவிதா மறுபடியும் சொன்னாள். "அக்கா வாங்க. நீங்க பூசாம நான் யாருக்கும் கன்னம் காட்ட மாட்டேன்."

போனேன். சந்தனம், குங்குமம், வளையல். அவள் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவே ஒரு சாண். மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினேன். எத்தனை நேரம் பிடிப்பது. அவள் தன் கையிலிருந்த வளையல் இரண்டைக் கழற்றி என் கையில் போட்டுவிட்டு, காதில், "அடுத்த வருஷம் உங்களுக்குக்கா" என்றாள்.

சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் இல்லை.

எலுமிச்சைச் சாதம் இறங்கவில்லை. 2 மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து படுத்தாயிற்று.

ஜூன் 16, திங்கள்

எம்.சி. லீவு இரண்டு நாள். சேகர் கிட் வாங்கி வந்தார். கோடு விழுந்தது. ஃப்ளூ, ஏ வகை.

கவிதாவுக்கு மெசேஜ் எழுதினேன். 'கவி, எனக்கு ஃப்ளூ. நீ இன்னைக்கே கிளினிக் போயி சொல்லு.' அழித்தேன். மறுபடி எழுதி, மறுபடி அழித்தேன். அவளுக்கு ஒன்றும் வராமலே போகலாம். வராத நோய்க்கு நான் ஏன் பழி சுமக்க வேண்டும்.

எவ்வளவு நன்றாக நியாயம் பேசுகிறேன்.

ஜூன் 18, புதன்

வெயில். துணி காய்ந்தது. சேகருக்கும் என் காய்ச்சல் தொற்றிவிட்டது, படுத்திருக்கிறார்.

11 மணிக்கு முரளி போன். "அண்ணி, கவிக்கு நேத்துலேருந்து டெமாம், உடம்பு கொதிக்குது. இருமலும் இருக்கு. உங்க கடையில என்னா மருந்து இருக்கு?"

கடை மருந்து வேண்டாம், கிளினிக்குக் கூட்டிப் போ என்றேன்.

"வெள்ளிக்கிழமை செக்அப் இருக்குல்ல, அப்பவே காட்டிக்கலாம்னு அம்மா சொல்றாங்க. கண்ணு பட்டிருச்சாம். உப்பு மிளகா சுத்திப் போட்டாச்சு."

யார் கண் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஃப்ளூ மருந்தை முதல் இரண்டு நாளில் ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும். எங்கள் கடை மருந்தாளர் ஆயிரம் தடவை சொல்லி எனக்கு மனப்பாடம். அப்படித் தெரிந்தவள் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "சரி, வெள்ளிக்கிழமை மறந்துடாத."

ஜூன் 20, வெள்ளி

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி கவிதா விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப் மாட்டிப் பார்த்தாராம். பார்த்ததும், மாசமானவங்களுக்குத் தரும் பிங்க் புக்கைக் கூடத் திறக்கவில்லை. நேரே ஆம்புலன்ஸ்.

சேகர் மூன்றாம் நாளே எழுந்து லாரி எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் போய்விட்டார். அதே கிருமி.

ஜூன் 21, சனி

காலை ஆபரேஷன். பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டியில்.

கவிதாவுக்கு மூச்சு மிஷினில். ஐ.சி.யு. இரண்டு நுரையீரலும் வெள்ளையாக இருக்கிறதாம் எக்ஸ்ரேயில்.

கொண்டுபோக: முரளிக்கு மாற்றுச் சட்டை, துண்டு, போன் சார்ஜர். சாப்பாடு. அவன் சாப்பிடப் போவதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

டாக்டர் பேசினார். தமிழ்ப் பெண், என்னைவிடச் சின்னவள். முரளிக்குக் கேட்கத் தெரியவில்லை, நான் கேட்டேன். வீட்டில் இன்னொருவருக்கும் இதே காய்ச்சல் வந்து மூன்று நாளில் போய்விட்டதே, இவளுக்கு மட்டும் ஏன்?

டாக்டர்: "வயித்துல இருக்குற பிள்ளையில பாதி அப்பாவோடது. அம்மா உடம்புக்கு அது வெளியாளு. அதை அடிக்கக் கூடாதுல்ல, அதனால நோய் எதிர்ப்புச் சக்தி தன் வேலையையே மாத்திக்குது. காவல் இல்லாமப் போறதில்ல. காவல் முறை வேற. இந்த மாதிரி வைரஸ் உள்ள போனா சில பேருக்கு எதிர்ப்பு லேட்டா எழும்பும். எழும்பினப்புறம் அளவு தெரியாது. வைரஸை அடிக்கிற அடியில நுரையீரலும் புண்ணாகும். கீழேருந்து வயிறு வேற முட்டுது, மூச்சு விட இடம் பத்தாது."

"பிள்ளைக்கும் போயிருக்குமா டாக்டர்?" முரளி.

"வைரஸ் பெரும்பாலும் பிள்ளைகிட்ட போறதில்ல. ஆனா அம்மாவோட காய்ச்சல், ஆக்சிஜன் குறையிறது, உடம்புல நடக்குற சண்டை, அதெல்லாம் பிள்ளையைத் தாக்கும். ஃப்ளூ ஊசி போட்டிருந்தாங்களா?"

போடவில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அத்தை தடுத்தார். வேண்டும் என்று நானும் சண்டை போடவில்லை. கடையில் எனக்கே போடச் சொன்னார்கள், நாளை நாளை என்று தள்ளினேன்.

"காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி, சளி காய்ச்சலோட யாராச்சும் பக்கத்துல இருந்தாங்களா?"

முரளி யோசித்துவிட்டு, "இல்ல டாக்டர்" என்றான். நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே பெஞ்சில் அத்தை தன் தங்கையிடம், நான் வருவது தெரிந்தும்: "சந்தனம் பூசும்போதே பார்த்தேன். வயித்தையே முறைச்சிக்கிட்டு நின்னா. பெத்திருந்தா தெரியும்."

நான் வயிற்றைப் பார்க்கவே இல்லை. இருமல் வந்துவிடக் கூடாதே என்று உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 23, திங்கள்

சேகரிடம், எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் கோப்பியை வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

"வாய மூடிக்கிட்டு இரு. கண்ணுன்னா நாலு மாசம் பேசுவாங்க, அப்புறம் வேற யாராச்சும் கிடைப்பாங்க. காய்ச்சலோட வந்து பூசினேன்னு சொல்லு, சாகுற வரைக்கும் பேசுவாங்க."

பதினோரு வருஷமாக அந்தக் 'கண்' என்ற சொல்லுக்காக அழுதிருக்கிறேன். குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். இப்போது அதே சொல்லுக்குள் போய் ஒளிந்துகொள்ளச் சொல்கிறார். நானும் ஒளிந்துகொண்டுதான் இருக்கிறேன். அத்தை திட்டத் திட்ட எனக்கு நிம்மதி. இவ்வளவு கேவலமாக நான் இருந்ததில்லை.

ஜூன் 25, புதன்

வேலை முடிந்து தனியாக ஆஸ்பத்திரிக்கு. டாக்டரைப் பிடித்து வராந்தாவில் வைத்துச் சொன்னேன். சனிக்கிழமைக் காய்ச்சல், மாத்திரை, இருமல் மருந்து, திங்கட்கிழமைக் கோடு, எல்லாவற்றையும்.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"திங்கக்கிழமையே தெரிஞ்சிருந்தா, காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே மருந்து குடுத்திருப்போம்க்கா. அப்பவும் வந்திருக்கலாம், சொல்ல முடியாது." பிறகு, "இப்ப இது எங்களுக்கு உதவாது. உங்களுக்குத்தான்."

எனக்கும் உதவவில்லை. மழை. நனைந்துகொண்டே பஸ் நிறுத்தம்.

ஜூன் 29, ஞாயிறு

மிஷினை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள். முரளி போனில் அழுதான். குழந்தைக்கு மூக்குக் குழாய் வழியாகப் பால், 2 மில்லி.

அத்தை கோயிலில் தேங்காய் உடைத்தாராம். யார் கண்ணோ விலகிவிட்டதாம்.

ஜூலை 3, வியாழன்

வார்டுக்கு மாற்றியாயிற்று. மாஸ்க் இரண்டு போட்டுக்கொண்டு போனேன். எலும்பும் தோலுமாக இருக்கிறாள். குரல் கம்மிப்போய், பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும். நான் குனியவில்லை. நாற்காலியைக் கட்டில் கால்மாட்டில் போட்டேன்.

முரளி தண்ணீர் பிடிக்கப் போனான். ஆரம்பித்தேன். "கவி, அன்னைக்கு எனக்கு..."

"தெரியும்க்கா."

யார் சொன்னது என்று கேட்டேன். டாக்டரா?

"யாரும் சொல்லல. கன்னத்துல கை வச்சீங்கல்ல, சுட்டுச்சு. கண்ணும் செவந்திருந்துச்சு. நானாத்தான் முதல்ல கூப்பிட்டேன். கூப்பிட்டுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா எல்லாரும் உங்களைத்தான் பார்ப்பாங்க. அதான் பேசாம உக்காந்திருந்தேன்." மூச்சு வாங்கினாள். "மறுநாள் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். போனைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

நான் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அத்தைகிட்ட சொல்ல மாட்டேன். பயப்படாதீங்க."

முரளி வரும் சத்தம் கேட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"ஆனா பிள்ளையை உங்க கையில குடுக்க மாட்டேன்க்கா."

சரி என்றேன். 5.40 பஸ். நாளை காலை ஷிப்ட்.